ஒரே சொல்தான், ஆனால் பொருந்தவில்லை: கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள்

வேர்ச்சொல் எழுதியது:

வணக்கம். நான்கு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். யாராவது கை கொடுங்கள்.

சொல் பட்டியல் தொகுக்கும் வேலை. கையில் இரண்டு கோப்புகள். ஒன்று விரிதாளிலிருந்து ஏற்றுமதி செய்தது. மற்றொன்று பலர் இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுத்து ஒட்டியது. இரண்டிலும் பொதுவாக இருக்கும் சொற்கள் எவை என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பைத்தானில் இரண்டையும் படித்து, ஒவ்வொரு வரிக்கும் ஓர இடைவெளிகளை வெட்டும் ஸ்ட்ரிப் போட்டு, இரண்டு செட்டாக்கிப் பொதுவானதை எடுக்கிறேன்.

"மரம்" இரண்டு கோப்பிலும் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். முடிவில் மட்டும் வரவில்லை. "மழை நாள்" மாதிரி இரட்டைச் சொற்களில் பாதிக்கு மேல் காணோம். இரண்டையும் அடுத்தடுத்து அச்சிட்டால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எழுத்துருவை மாற்றினேன், எடிட்டரை மாற்றினேன், அதே கதைதான்.

இன்னொன்று. விரிதாள் கோப்பின் முதல் பத்திக்கு "சொல்" என்று தலைப்பு. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி ஒரு பத்தியே இல்லை என்று பிழை வருகிறது. இது தனிச் சிக்கலா, அதே சிக்கலா என்றும் புரியவில்லை.

கருவிப்பெட்டி எழுதியது:

அச்சிட்டுப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். இந்தச் சிக்கலில் திரை உதவாது. ஒவ்வொரு குறிக்கும் ஆர்ட் போட்டு, யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் தரம்) அதற்குக் கொடுத்திருக்கும் எண்ணாக எழுதி, இங்கே ஒட்டுங்கள். பொருந்தாத சொல் இரண்டு, அப்புறம் அந்தத் தலைப்பு. அது போதும்.

வேர்ச்சொல் எழுதியது:

செய்தேன். இதோ.

மரம், விரிதாள்: 2990 2992 2990 3021
மரம், இணையம்: 2990 2992 2990 3021 8203

மழை நாள், விரிதாள்: 2990 2996 3016 32 2984 3006 2995 3021
மழை நாள், இணையம்: 2990 2996 3016 160 2984 3006 2995 3021

தலைப்பு: 65279 2970 3018 2994 3021

மூன்று எழுத்துச் சொல்லுக்கு நாலரை நாள் போயிருக்கிறது. இந்த 8203, 160, 65279 எல்லாம் என்ன? ஸ்ட்ரிப் ஏன் எடுக்கவில்லை?

பைட்_எண்ணுபவர் எழுதியது:

மூன்றும் வேறு வேறு ஆட்கள். வந்த வழியும் வேறு, தீர்வும் வேறு.

160 என்பது நோ பிரேக் ஸ்பேஸ். சாதாரண இடைவெளி போலவே அகலம் இருக்கும். ஆனால் "இந்த இடத்தில் வரியை உடைக்காதே" என்ற கட்டளையும் அதற்குள் இருக்கிறது. இணையப் பக்கங்களில் நிறைய இருக்கும். உலாவிக்குள் இருக்கும் எழுதுபெட்டிகளில் இரண்டு முறை ஸ்பேஸ் தட்டினால், இரண்டும் திரையில் தெரிய வேண்டும் என்பதற்காக ஒன்றை 160 ஆக மாற்றிவிடும். மேக் விசைப்பலகையில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி ஸ்பேஸ் தட்டினாலும் இதுதான் வரும். பைத்தானின் ஸ்ட்ரிப் 160ஐ எடுக்கும், ஆனால் இரண்டு ஓரங்களில் மட்டும். உங்களுக்கு அது நடுவில் இருக்கிறது.

8203 ஜீரோ விட்த் ஸ்பேஸ். அகலம் பூச்சியம். "வேண்டுமானால் இங்கே வரியை உடைத்துக்கொள்" என்று சொல்லும் குறி, அதாவது 160க்கு நேர் எதிர். பெயரில்தான் ஸ்பேஸ். யூனிகோடின் வகைப்பாட்டில் இது இப்போது இடைவெளியே அல்ல, வடிவமைப்புக் குறி. 2004 வரை இடைவெளி வகையில் இருந்தது, பிறகு மாற்றிவிட்டார்கள். அதனால் ஸ்ட்ரிப் இதைத் தொடாது, ரெஜெக்ஸின் (வடிவம் சொல்லித் தேடி மாற்றும் முறை) இடைவெளிக் குறியீடும் தொடாது.

65279 கோப்பின் தலையில் உட்காரும் பைட் ஆர்டர் மார்க், இதுவும் வடிவமைப்புக் குறி வகைதான். யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப் 8இல் உள்ள கோப்பில் 239, 187, 191 என்று மூன்று பைட்டாக இருக்கும். விரிதாள் மென்பொருள் சில, "இது யூடிஎஃப் 8" என்று தானே அடையாளம் காண்பதற்காக இதைப் போடுகின்றன. உங்கள் பத்தியின் பெயர் "சொல்" அல்ல, 65279ம் சொல்லும் சேர்ந்தது. கோப்பைத் திறக்கும்போது குறியாக்கத்தை "யூடிஎஃப் 8 சிக்" என்று கொடுங்கள். தலையில் அது இருந்தால் எடுத்துவிடும், இல்லாவிட்டால் ஒன்றும் செய்யாது.

அரைப்புள்ளி எழுதியது:

நடுவில் இருக்கும் 160க்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. எதையும் உள்ளே கொடுக்காமல் ஸ்ப்ளிட் போட்டு, வந்த துண்டுகளைச் சாதாரண இடைவெளியால் ஜாயின் செய்யுங்கள். 160, டேப், இரட்டை இடைவெளி எல்லாம் ஒற்றை 32 ஆகிவிடும். 8203 மட்டும் அப்படியே நிற்கும்.

தாழ்வாரம் எழுதியது:

இவ்வளவு எதற்கு? எழுத்தும் இடைவெளியும் அல்லாத எல்லாவற்றையும் ரெஜெக்ஸால் நீக்கிவிடுங்கள். ஒரே வரி. 8203, 65279, இனி வரப்போகும் எதுவானாலும் சேர்ந்தே போய்விடும். நான் ஆங்கிலத் தரவில் இப்படித்தான் செய்கிறேன், ஒரு நாளும் தொந்தரவு வந்ததில்லை.

வேர்ச்சொல் எழுதியது:

தாழ்வாரம் சொன்னதை ஓட்டிப் பார்த்தேன். வந்ததை அப்படியே தருகிறேன்.

மரம் → மரம
மழை நாள் → மழ நள
ரிக்ஷா → ரகஷ

புள்ளியும் போய்விட்டது, கால், கொம்பு எல்லாமே போய்விட்டன. நல்ல வேளையாக நகலில்தான் ஓட்டினேன்.

தாழ்வாரம் எழுதியது:

மன்னிக்கவும், இது எனக்கே புதிது. ஏன் இப்படி ஆகிறது?

ஒற்றைக்கொம்பு எழுதியது:

பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் தொகுதியில் "சொல் எழுத்து" என்றால் எழுத்துகளும் எண்களும் அடிக்கோடும் மட்டும்தான். தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் எழுத்து வகையில் இல்லை, சேர்குறி வகையில் இருக்கின்றன. அதனால் "எழுத்து அல்லாததை நீக்கு" என்றால் அவைதான் முதலில் போகும். தமிழ் மட்டுமல்ல, தேவநாகரி, தெலுங்கு, சிங்களம், தாய் எல்லாவற்றுக்கும் இதே அடி விழும். "ரெஜெக்ஸ்" என்ற பெயரிலேயே தனியாக நிறுவிக்கொள்ளும் தொகுதி ஒன்று உண்டு. அதில் சேர்குறிகளும் சொல் எழுத்துக் கணக்கில் வரும்.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் இப்படிச் சுத்தம் செய்யப்பட்ட தமிழ்த் தரவை நான் நேரில் பார்த்திருக்கிறேன். புள்ளி இல்லாத, கால் இல்லாத எழுத்துகள் வரிவரியாக. மூலக் கோப்பை யாரும் வைத்திருக்கவில்லை. "ரகஷ" என்பதிலிருந்து "ரிக்ஷா"வை எந்த நிரலும் மீட்டுத் தராது.

தாழ்வாரம் எழுதியது:

சரி, புரிந்தது. அப்படியானால் எழுத்தைத் தொட வேண்டாம், எதிர்ப்பக்கத்திலிருந்து வருவோம். 8203, 65279 இரண்டும் வடிவமைப்புக் குறி வகை என்கிறீர்கள். அந்த வகையை மட்டும் முழுதாக நீக்கினால்? கண்ணுக்குத் தெரியாதவைதானே எல்லாம்?

ஒற்றைக்கொம்பு எழுதியது:

இதுவும் ஆபத்துதான். முதலில், எல்லாமே கண்ணுக்குத் தெரியாதவை அல்ல. அரபு எழுத்தில் திருவசன முடிவைக் காட்டும் வட்டக் குறி, எண் 1757, இந்த வகையில்தான் இருக்கிறது. அது நன்றாகவே கண்ணுக்குத் தெரியும். நீக்கினால் நூலில் வசன எல்லையே போய்விடும்.

அடுத்து, தெரியாதவற்றிலும் வேலை செய்பவை உண்டு. 8204, 8205 என்ற இரண்டு. முதலாவது ஜீரோ விட்த் நான் ஜாயினர், "சேராதே" என்று சொல்வது. இரண்டாவது ஜீரோ விட்த் ஜாயினர், "சேர்" என்று சொல்வது.

உங்கள் சொல்லையே எடுத்துக்கொள்வோம். க், ஷ இரண்டும் அடுத்தடுத்து வந்தால் எழுத்துரு அதைக் கூட்டெழுத்தாக வரைந்துவிடும்: ரிக்ஷா. தனித்தனியாக வர வேண்டும் என்று நினைப்பவர் நடுவில் 8204 வைக்கிறார்: ரிக்‌ஷா. எண்ணாகப் பாருங்கள்.

கூட்டெழுத்து: 2992 3007 2965 3021 2999 3006
தனித்தனியாக: 2992 3007 2965 3021 8204 2999 3006

எழுதியவர் வேண்டுமென்றே வைத்த குறி அது. எடுத்தால் அவர் எழுதிய வடிவம் மாறுகிறது. தமிழில் வடிவத்தோடு நின்றுவிடுகிறது, சில மொழிகளில் அதற்கும் மேலே போகும். பாரசீகத்தில் "மீ" என்ற முன்னொட்டுக்கும் வினைக்கும் நடுவே 8204தான் நிற்கிறது, அதை எடுத்தால் எழுத்துப்பிழை. சிங்களத்தில் "ஸ்ரீ" எழுத 8205 வேண்டும், எடுத்தால் எழுத்து இரண்டாக உடையும். மலையாளத்தில் சில்லு எழுத்துகளுக்கு 2008இல்தான் தனி எண்கள் வந்தன. அதற்கு முந்தைய பனுவல்களில் மெய், புள்ளி, 8205 என்ற மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு சில்லு. குடும்ப ஈமோஜி தெரியும் அல்லவா, அப்பா, அம்மா, பிள்ளை ஒன்றாக நிற்பது? அதை ஒட்டி வைத்திருப்பதும் 8205தான். நீக்கினால் மூவரும் தனித்தனியே வந்து நிற்பார்கள்.

வேர்ச்சொல் எழுதியது:

ஆனால் என் வேலைக்கு ரிக்ஷாவும் ரிக்‌ஷாவும் ஒரே சொல். இரண்டும் பொருந்த வேண்டும். வைத்தால் பொருந்தாது, எடுத்தால் சேதம். என்ன செய்வது?

ஒற்றைக்கொம்பு எழுதியது:

இரண்டு வடிவம் வையுங்கள். ஒன்று சேமிக்கும் வடிவம், எழுதியவர் எழுதியபடி. இன்னொன்று ஒப்பிடும் சாவி, அதிலிருந்து நிரல் உருவாக்குவது, யார் கண்ணுக்கும் காட்டாதது. சாவியில் 8204, 8205 எல்லாவற்றையும் தாராளமாக நீக்கலாம், எழுத்தின் வடிவத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. செட்டில் போடுவது சாவியை. திரையில் காட்டுவதும் கோப்பில் எழுதுவதும் சேமித்த வடிவத்தை.

நாளைக்கு விதியை மாற்ற வேண்டி வந்தால் சாவியை மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். மூலத்தையே மாற்றிவிட்டால் அந்த வழி அடைந்துவிடும்.

கருவிப்பெட்டி எழுதியது:

ஒற்றைக்கொம்பு சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். இந்த இழையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் அதுவே போதும்.

அரைப்புள்ளி எழுதியது:

சாவிக்கு என்எஃப்கேசி என்ற யூனிகோடு இயல்பாக்கத்தை, அதாவது ஒத்த வடிவங்களை ஒன்றாக்கும் முறையைப் பயன்படுத்தலாமே? 160, குறுகிய இடைவெளி 8239, கிழக்காசிய எழுத்துகளோடு வரும் முழு அகல இடைவெளி 12288, எல்லாவற்றையும் 32 ஆக்கிவிடும். ஒரே அழைப்பு.

பைட்_எண்ணுபவர் எழுதியது:

ஆக்கும். கூடவே 10² என்பதை 102 ஆக்கும். அரைப் பின்னம், வட்டத்துக்குள் எண், எல்லாவற்றையும் பிரித்துப்போடும். சொல் பட்டியலின் சாவிக்குப் பரவாயில்லை. அளவுகள், சூத்திரங்கள் இருக்கும் தரவில் இதைச் சேமிக்கும் வடிவத்துக்கு ஓட்டிவிட்டால் எண்ணே தவறாகிவிடும், தவறானது யாருக்கும் தெரியவும் தெரியாது. இன்னொன்று, 8203ஐயும் 65279ஐயும் என்எஃப்கேசி தொடாது. ஆகவே அந்த ஒரே அழைப்பு போதவும் போதாது.

சேமிக்கும் வடிவத்துக்கு என்எஃப்சி என்ற இன்னோர் இயல்பாக்கம் நல்லது. அது ஒரே எழுத்தை இரண்டு விதமாகக் குறிப்பதைத்தான் ஒன்றாக்கும், பொருளைத் தொடாது.

நடுநிசி_நிரலர் எழுதியது:

இந்த இழையைப் பைத்தானில் எழுதாதவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். "இடைவெளியை வெட்டு" என்று ஒவ்வொரு மொழியிலும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, ஆனால் இடைவெளி என்று அவை எண்ணும் பட்டியல் ஒன்றல்ல. இதை நான் கற்றுக்கொண்டது ஜாவாவில்.

ஜாவாவின் பழைய ட்ரிம், 32ம் அதற்குக் கீழே உள்ளவையும் மட்டும் வெட்டும். 2018இல் ஜாவா 11 வந்தபோது ஸ்ட்ரிப் வந்தது, யூனிகோடு அறிந்தது என்று சொன்னார்கள். நாங்கள் நம்பி எல்லா இடத்திலும் மாற்றினோம். 160 அப்படியே நின்றது. காரணம், ஜாவாவின் ஈஸ் வைட்ஸ்பேஸ் "உடைக்கக் கூடாத" இடைவெளிகளை, அதாவது 160, 8199, 8239 மூன்றையும் வேண்டுமென்றே விலக்கி வைத்திருக்கிறது. ஆவணத்தில் எழுதியே இருக்கிறது, நாங்கள்தான் படிக்கவில்லை.

ஜாவாஸ்கிரிப்டின் ட்ரிம் 160ஐயும் வெட்டும், 65279ஐயும் வெட்டும். பைத்தானின் ஸ்ட்ரிப் 65279ஐ வெட்டாது. 133 என்று ஒரு பழைய அடுத்த வரிக் குறி இருக்கிறது, அதைப் பைத்தான் வெட்டும், ஜாவாஸ்கிரிப்ட் வெட்டாது. கோ மொழியில் ட்ரிம் ஸ்பேஸ் 160ஐ வெட்டும், அதே மொழியின் ரெஜெக்ஸ் இடைவெளிக் குறியீடு 160ஐக் கண்டுகொள்ளாது. விரிதாளில் இருக்கும் ட்ரிம் 32ஐ மட்டும்தான் பார்க்கும். யூனிகோடு தன் அதிகாரபூர்வப் பட்டியலில் 25 குறிகளை இடைவெளி என்கிறது. பைத்தான் அதோடு 28 முதல் 31 வரையிலான பழைய கட்டுப்பாட்டுக் குறிகள் நான்கையும் சேர்த்துக்கொள்கிறது.

அதனால் முன்பக்கம் ஜாவாஸ்கிரிப்ட், பின்பக்கம் ஜாவா என்று இருந்தால், இரண்டு இடத்திலும் வெட்டியிருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. பட்டியலை நாமே வெளிப்படையாக எழுதி, இரண்டு பக்கமும் அதையே பயன்படுத்துவதுதான் எங்களுக்குக் கடைசியில் உதவியது.

தாழ்வாரம் எழுதியது:

அந்த 25 குறிகளின் பட்டியலாவது நிலையானதா? ஒருமுறை எழுதி வைத்தால் மாறாதே?

நடுநிசி_நிரலர் எழுதியது:

அதுவும் மாறியிருக்கிறது. மங்கோலிய எழுத்தில் உயிர்பிரிப்பான் என்று ஒன்று, எண் 6158. 2013இல் யூனிகோடு 6.3 வரும்வரை அது இடைவெளி. பிறகு அல்ல. ஒரே நிரல், மொழியின் பதிப்பு மாறியதும் வேறு விடை தரும். உங்களுக்கும் எனக்கும் இது வரப்போவதில்லை. மங்கோலியப் பனுவலோடு வேலை செய்பவருக்கு வரும்.

இதைவிட அண்மையில் எங்களை அடித்தது ஒன்று உண்டு. ஜாவா 20க்கு மாறிய அன்று எங்கள் டெஸ்டுகள் வரிசையாக விழுந்தன. எல்லாம் ஆங்கில வடிவில் நேரம் காட்டும் இடங்கள். பிழைச் செய்தியில் "எதிர்பார்த்தது" ஒரு வரி, "வந்தது" ஒரு வரி, இரண்டும் அச்சு அசலாக ஒன்று. கருவிப்பெட்டி மேலே சொன்ன மாதிரி எண்ணாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நிமிடத்துக்கும் முற்பகல் பிற்பகல் குறிக்கும் எழுத்துகளுக்கும் நடுவே 32 இருந்த இடத்தில் 8239, குறுகிய உடையா இடைவெளி. 2022இல் வந்த சிஎல்டிஆர் 42 என்ற மொழித் தரவுத் தொகுப்பு அப்படி மாற்றியிருந்தது, ஜாவா 20 அதை எடுத்துக்கொண்டது. அச்சழகுக்கு அது சரியான மாற்றம்தான். ஆனால் அந்த நேரத்தைச் சரமாக வெட்டிப் படிக்கும் நிரல்கள் ஏராளமாக இருந்தன.

டெஸ்டுகளை 8239க்கு மாற்றி முடித்துவிடலாம் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. மனிதருக்காக வடிவமைத்த நேரத்தை நிரல் திரும்பப் படிப்பதே தவறு. இயந்திரத்துக்கு ஐஎஸ்ஓ 8601 வடிவம் இருக்கிறது. அதற்கு மாறினோம், அத்தோடு அந்தத் தொல்லை போயிற்று.

பைட்_எண்ணுபவர் எழுதியது:

பிஎச்பியில் எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே ட்ரிம் பைட் கணக்கில் வேலை செய்வது. 160 யூடிஎஃப் 8இல் 194, 160 என்று இரண்டு பைட். அந்த இரண்டையும் ட்ரிம்முக்கு வெட்டும் பட்டியலாகக் கொடுக்கச் சொல்லிப் பல இடங்களில் அறிவுரை கிடக்கிறது. பார்க்கச் சரியாக இருக்கும், ஓட்டினால் 160 போய்விடும்.

இப்போது இந்தியில் "பாடம்" என்பதற்கான சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கடைசி எழுத்து, தேவநாகரியின் இரண்டாம் டகரம். பைட்டுகள் 224, 164, 160. ட்ரிம் வலது ஓரத்தில் 160 என்ற பைட்டைப் பார்க்கிறது, பட்டியலில் இருக்கிறது, வெட்டிவிடுகிறது. மிச்சம் 224, 164. அது எந்த எழுத்தும் இல்லை, சரமே செல்லாததாகிவிடுகிறது. தரவுத்தளம் ஏற்காது, ஜேசன் ஆக்கினால் பிழை. தமிழில் 160இல் முடியும் எழுத்து இல்லை, அதனால் நம் சோதனைத் தரவில் இந்தப் பிழை வெளிப்படாது. இந்தித் தரவு வந்த அன்றுதான் வெடிக்கும். பிஎச்பி 8.4இலிருந்து எம்பி ட்ரிம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பழைய பதிப்பென்றால் யூனிகோடு நிலையில் ஓடும் ரெஜெக்ஸ்.

அரைப்புள்ளி எழுதியது:

வரி பிரிப்பதிலும் இதே கதை உண்டு. ஒரு பெரிய நூலின் பனுவலில் வரி எண் போட்டுக் குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்தோம். நான் ஒரு நிரலில் கோப்பை வரிவரியாகப் படித்தேன். உடன் வேலை செய்தவர் மொத்தமாகப் படித்து ஸ்ப்ளிட்லைன்ஸ் போட்டார். முதல் பக்கம் முழுக்க எண்கள் ஒத்துப்போயின. இரண்டாம் பக்கத்தில் அவர் எண் ஒன்று கூடுதல். மூன்றாம் பக்கத்தில் இரண்டு கூடுதல். நூறாம் பக்கத்தில் 99.

பக்கத்துக்கு ஒன்று என்று கூடியதுதான் துப்பு. பிடிஎஃப்பிலிருந்து பனுவலை எடுத்த கருவி, பக்கம் முடியும் இடத்தில் 12 என்ற குறியை, பழைய அச்சு இயந்திரங்களுக்கு "அடுத்த தாள்" என்று சொல்லும் ஃபார்ம் ஃபீடை வைத்திருந்தது. ஸ்ப்ளிட்லைன்ஸ் அதையும் வரி முடிவாகக் கொள்ளும். 11, 133, 8232, 8233 எல்லாவற்றையும் அப்படியே. கோப்பை வரிவரியாகப் படிப்பது வழக்கமான வரி முடிவுகளான 10, 13 இரண்டோடு நின்றுவிடும். அதற்குள் இருவரும் சேர்ந்து நிறையக் குறிப்புகள் எழுதியிருந்தோம். எது யாருடைய எண் என்று பிரிக்க இரண்டு வாரம் ஆயிற்று.

வெட்டுவதும் பிரிப்பதும் ஒரு திட்டம் முழுக்க ஒரே ஃபங்ஷன் வழியாகப் போக வேண்டும். இதை நான் அந்த இரண்டு வாரத்தில் கற்றேன்.

தாழ்வாரம் எழுதியது:

ஒரு சந்தேகம். பயனர் பெயர் காலியாக இருக்கிறதா என்று பார்க்க ட்ரிம் செய்து நீளம் பார்ப்போம் அல்லவா? இத்தனை குறிகள் இருந்தால் அது போதாதே?

கருவிப்பெட்டி எழுதியது:

போதாது. கொரிய எழுத்தில் ஹங்குல் நிரப்பி என்று ஒன்று, 12644. திரையில் வெறுமை. ஆனால் யூனிகோடு வகைப்பாட்டில் அது எழுத்து. இடைவெளியும் அல்ல, வடிவமைப்புக் குறியும் அல்ல. பெயரில் ஒரு எழுத்தாவது இருக்க வேண்டும் என்ற சோதனையையும் தாண்டிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் மாறியின் பெயராகவே வைக்கலாம், அதனால் நிரலை மறுபார்வை செய்பவர் கண்ணில் படாமல் ஒரு மாறியை நுழைக்க முடியும். பிரெய்லின் வெற்றுக் கட்டம் 10240ம் இப்படித்தான், அது குறியீடு வகை.

எழுத்து ஓடும் திசையை மாற்றும் குறிகளும் உண்டு. 2021இல் கேம்பிரிட்ஜின் நிக்கலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும் "ட்ரோஜன் சோர்ஸ்" என்ற பெயரில் காட்டினார்கள். மனிதருக்கு ஒரு வரிசையிலும் கம்பைலருக்கு வேறு வரிசையிலும் தெரியும்படி நிரலை எழுதலாம். அதற்குப் பிறகுதான் எடிட்டர்கள் பல இவற்றைத் தாமாகவே கட்டம் கட்டிக் காட்டத் தொடங்கின. உங்கள் எடிட்டரில் அந்த வசதியை யாராவது அணைத்து வைத்திருந்தால் மறுபடி போட்டுவிடுங்கள்.

பயனர் பெயருக்கு நீக்கும் பட்டியல் வேண்டாம், அனுமதிக்கும் பட்டியல் வையுங்கள். எந்தெந்த எழுத்துமுறை ஏற்பீர்கள், அதில் எந்தக் குறிகள். பனுவலுக்கு இப்படிச் செய்யக் கூடாது, பெயருக்குச் செய்யலாம். இரண்டையும் ஒரே ஃபங்ஷனில் போடுவதால்தான் பாதிச் சிக்கல்.

வேர்ச்சொல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இப்போது செய்திருப்பதைச் சொல்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள்.

கோப்பைத் திறக்கும்போது யூடிஎஃப் 8 சிக். சேமிக்கும் வடிவத்துக்கு என்எஃப்சி, ஓர இடைவெளி வெட்டு, நடுவில் இருப்பவற்றை ஒற்றை 32 ஆக்கு. 8204, 8205 இரண்டையும் தொடவில்லை. ஒப்பிடும் சாவியில் அவற்றையும் 8203, 8288 (உடைக்காதே என்னும் அகலமில்லாக் குறி), 173 (வரி உடையும்போது மட்டும் தெரியும் இணைப்புக்கோடு), 65279 ஆகியவற்றையும் நீக்குகிறேன். பட்டியல் ஒரே இடத்தில், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி விளக்கத்தோடு.

8203ஐச் சேமிக்கும் வடிவத்திலும் நீக்கிவிடலாமா?

ஒற்றைக்கொம்பு எழுதியது:

உங்கள் பட்டியலுக்கு நீக்கலாம், தமிழ்ச் சொல்லுக்குள் அதற்கு வேலை இல்லை. ஆனால் நீக்கும் முன் எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சொல்லின் ஓரத்தில் என்றால் நீக்குங்கள். இரண்டு சொற்களுக்கு நடுவே வேறு இடைவெளி இல்லாமல் அது மட்டும் நின்றால், நீக்கினால் இரண்டும் ஒட்டிவிடும். அங்கே 32 போட வேண்டும். கெமர் மொழியில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் எழுதுவதால் 8203தான் சொல் எல்லையையே காட்டுகிறது. "எப்போதும் நீக்கு" என்ற விதியை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

கருவிப்பெட்டி எழுதியது:

எண்ணுவதைப் பற்றி இன்னும் ஒன்று. எந்தக் கோப்பில், எந்த வரியில், எந்த எண்ணை நீக்கினோம் என்று நிரல் எழுதி வைக்கட்டும். சத்தமில்லாமல் திருத்தினால் அந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது என்று கடைசி வரை தெரியாது.

வேர்ச்சொல் எழுதியது:

(அடுத்த நாள்)

கருவிப்பெட்டி சொன்னபடி எழுதி வைத்ததில் ஒன்று கிடைத்தது. 8203 எல்லாமே நாங்களே வைத்திருக்கும் பதிவேற்றப் பக்கத்தின் எழுதுபெட்டி வழியாக வந்தவை. பெட்டி காலியாக இருக்கும்போது சுட்டியை நிறுத்திவைக்க அது ஒரு 8203ஐப் போட்டுக்கொள்கிறது, சேமிக்கும்போது எடுப்பதில்லை. இணையப் பக்கங்களைத்தான் இத்தனை நாள் சந்தேகப்பட்டேன். பெட்டியிலேயே திருத்திவிட்டோம். சொற்களுக்கு நடுவே 8203 மட்டும் நின்ற இடம் ஒன்றும் இல்லை.

மரம், மழை நாள், ரிக்ஷா எல்லாம் பொருந்துகின்றன. கொஞ்சம் சொற்கள் இன்னும் பொருந்தவில்லை. அதில் ஒன்றை எண்ணாக்கினேன்.

விரிதாள்: 2965 3020 2992 2997 2990 3021
இணையம்: 2965 3014 2995 2992 2997 2990 3021

இரண்டும் எனக்கு "கௌரவம்" என்றுதான் தெரிகிறது. மறைந்திருக்கும் குறி ஒன்றும் இல்லை. என்எஃப்சி ஏன் சேர்க்கவில்லை?

ஒற்றைக்கொம்பு எழுதியது:

இணையக் கோப்பில் இருப்பது கௌரவம் அல்ல, கெளரவம். ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பு போட்டு, அடுத்து ளகரத்தைத் தட்டியிருக்கிறார்கள். ஔகாரத்தின் வலப்பாதிக்கு 3031 என்று தனி எண் உண்டு. 3014க்கு அடுத்து 3031 வந்திருந்தால் என்எஃப்சி 3020 ஆக்கியிருக்கும். 2995 உண்மையான ளகரம், அதை நிரல் தானாகச் சேர்த்தால் "தெளிவு" போன்ற சொற்களைக் கெடுத்துவிடும்.

இப்படிச் செய்யுங்கள். 3014, அடுத்து 2995, அதற்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இல்லை என்று இருக்கும் சொற்களை மட்டும் தனியாக எழுதச் சொல்லுங்கள். "தெளிவு", "வெள்ளை" இரண்டிலும் ளகரத்துக்குப் பின் குறி இருப்பதால் அவை வராது. வருபவற்றை ஒரு மனிதர் பார்த்துத் திருத்தட்டும்.

வேர்ச்சொல் எழுதியது:

ஓட்டினேன். ஆறு சொற்கள் வந்தன, ஆறும் ஔகாரம்தான்: கெளரவம், பெளர்ணமி, செளகரியம், மெளனம், யெளவனம், வெளவால். கையாலேயே திருத்திவிட்டேன். இப்போது ஆறும் பொருந்துகின்றன.